கண்ணில் அணியும் வைத்தியக் கருவி

பார்வைக் குறையை நீக்கும்பொருட்டுக் கருவிழியின்மேல் அணியப்பெறும் காண்டாக்ட் லென்ஸ், இக்காலத்தில் நோயறியும் கருவியாகவும் மாறி வருகின்றது. இதன் வர்த்தகமும் பெருகுகின்றது. இப்பெருக்கம் எவ்வாறு நன்மையாகும் என்பதை ஆராய்வாம்.

2014-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கூகிள் கம்பெனியார், கண்ணீரிலுள்ள சர்க்கரையை அளக்கும் லென்ஸொன்றை அமைத்து வருவதாக அறிவித்தனர். நாள்தோறும் விரல் நுனியைக் குத்தி இரத்தம் சோதிக்கும் நீரிழிவு நோயாளருக்கு இஃது எத்துணை இனிய செய்தி! ஆயினும், பின்னர் அம்முயற்சியை நடத்திய வெரிலி கம்பெனியார் 2018-ம் வருஷத்தில் அதனை நிறுத்திவிட்டனர். கண்ணீரின் சர்க்கரை இரத்தத்தின் சர்க்கரையோடு உறுதியாக ஒத்து நில்லாமையே காரணம்.

மற்றொன்றை நோக்குக. ஸ்விட்ஸர்லாந்து தேசத்துச் சென்சிமெட் கம்பெனியாரின் ட்ரிகர்ஃபிஷ் லென்ஸ், 24 மணி நேரம்வரை கண்ணின் வடிவில் உண்டாகும் நுண்ணிய மாறுதல்களைக் குறிக்கின்றது. 2016-ம் வருஷத்தில் அமெரிக்க அரசாங்கத்தார் அதன் விற்பனைக்கு அனுமதி அளித்தனர். அது கண்ணழுத்தத்தை நேரே அளப்பதன்று. எந்நேரத்தில் வைத்தியர் அதனை அளத்தல் தகும் என்று காட்டுவதே அதன் வேலை. தன் எல்லையை அறிந்து நிற்பதே அதன் சிறப்பு.

கண்ணின் நிலையைக் கண்ணிற் காண்டல் இயலும். உடல் முழுவதன் நிலையையும் அங்கே காண்டல் அரிது. பொய்யான எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவோன் உயிரிழக்கவுங் கூடும். ஆதலின், விற்பனைக்குமுன் சோதனை நிகழ்க. இயலாததை இயலாதென ஒப்புக்கொள்ளுதலும் விஞ்ஞானத் தொண்டேயாம். நாளை வைத்தியராகவும் வர்த்தகராகவும் விளங்கவிருக்கும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.