ஆறு கணக்கு போதும்

விக்கிபீடியாவில் எழுதக் கற்றுத் தருகிறோம் என்று எங்கள் ஊர் நூலகத்தில் இருபது பேரைக் கூட்டினோம். ஏழாவது நபர் கணக்கு தொடங்கும்போது பிழைச்செய்தி வந்தது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து 24 மணி நேரத்தில் 6 கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. விஷமிகளைத் தடுக்க வைத்த கட்டுப்பாடு அது. நூலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே இணைப்பில் இருந்ததால் மாட்டிக்கொண்டோம். வீட்டிலேயே கணக்கு தொடங்கி வரச் சொல்லியிருக்கலாம். முன்கூட்டியே கேட்டு வரம்பை உயர்த்தவும் வழி இருக்கிறது.

என் வருத்தம் வேறு. அந்த ஆறு பேரையும் ஆளுக்கொரு புதுக் கட்டுரை எழுதச் சொன்னோம். மாலையில் எண்ணிக்கை காட்ட வேண்டுமே! இணையத்தில் கிடைத்ததை வெட்டி ஒட்டினார்கள். காப்புரிமை மீறல் என்று பாதிக்கு மேல் நீக்கப்பட்டன. பக்கத்து அலமாரியில் இருந்த ஊர் வரலாற்றுப் புத்தகங்களை யாரும் தொடவே இல்லை.

2010-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரே நாள், ஒரே கட்டுரை. ஹாக்ஸன் கிராமத்தில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவர் 1992-ல் கண்டெடுத்த ரோமானியப் புதையலைப் பற்றியது. காசுகள் மட்டும் கிட்டத்தட்ட 15,000. (அந்தச் சுத்தியலும் மியூசியத்தில்தான் இருக்கிறது!) விக்கிபீடியர்கள் எழுத, மியூசிய நிபுணர்கள் கூடவே உட்கார்ந்து சந்தேகங்களைத் தீர்த்தார்கள். பிறகு அது சிறப்புக் கட்டுரையாகத் தேர்வானது.

இருபது பேருக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். புத்தகம் புரட்ட, பக்க எண் குறிக்க, படம் எடுக்க, பிழை திருத்த ஆள் வேண்டாமா? அதற்கெல்லாம் கணக்கே தேவையில்லை. அடுத்த முறை முதல் நாளே நூலகரிடம் சொல்லி அந்த அலமாரியை மேஜைக்குக் கொண்டுவரப் போகிறேன்.