நான்கு விழுக்காடும் அதிலுள்ள தப்பிக்கும் வழியும்

ஆவடியை ஒட்டிய வெள்ளானூரைச் சுற்றிக் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை எனப் பொதுத்துறை ஆலைகள் நிற்கின்றன. சற்றுத் தள்ளி அம்பத்தூர் தொழிற்பேட்டை. 118 அர்ஜுன் டாங்கிகளுக்காக 2021 செப்டம்பரில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அளிக்கப்பட்ட ஆணையின் மதிப்பு 7,523 கோடி ரூபாய். இத்தகைய ஆலைகள் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்வதில்லை. கடைசல் வேலை, வார்ப்பு, ரப்பர் பாகங்கள், பெட்டிகள், தையல் என எண்ணற்ற பணிகள் வெளியிலுள்ள பட்டறைகளுக்குச் செல்கின்றன. எந்தப் பட்டறைக்குச் செல்கின்றன என்பதைக் கொள்முதல் பிரிவு தீர்மானிக்கிறது. வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடிய நாம், இந்தக் கொள்முதல் மேசையை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

சட்டம் சொல்வது

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ், 2012இல் ஒன்றிய அரசு பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையைப் பிறப்பித்தது. ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்றது. 2018இல் இது 25 ஆக உயர்ந்தது. அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு உரியது. கூட்டு நிறுவனமானால் 51 விழுக்காடு பங்கேனும் அவர்களிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளிப் படிவத்துக்குக் கட்டணமில்லை; பிணைவைப்புத் தொகையும் இல்லை. ஆயுத அமைப்புகள் இக்கொள்கைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன என்பதும் உண்மை. ஆனால் சீருடையும் கருவிகளும் அலுவலகப் பொருள்களும் ஆயுத அமைப்புகள் அல்ல.

இலக்கு 2015 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆயினும் ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்களின் மொத்தக் கணக்கில், பல ஆண்டுகளாக இந்த 4 விழுக்காடு, ஒரு விழுக்காட்டையே தொடவில்லை.

இதற்கான வழியை ஆணையே திறந்து வைத்திருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்காவிட்டாலோ, நிபந்தனைகளையும் குறைந்த விலையையும் எட்டாவிட்டாலோ, அவர்களுக்குரிய பங்கைப் பிற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பலாம். அரசுப் பணியில் நிரப்பப்படாத இடங்கள் பின்னிலுவைப் பணியிடங்களாகக் கணக்கில் நிற்கின்றன. இங்கே அப்படி எதுவும் நிற்பதில்லை. ஆண்டு முடிந்ததும் உரிமையும் முடிந்துவிடுகிறது.

பட்டியலுக்குள் யார்?

‘தகுதியான நிறுவனங்கள் வரவில்லை’ என்பது வழக்கமான விடை. ஏன் வரவில்லை? முந்தைய ஆண்டுகளில் இதே பொருளை வழங்கிய சான்று கேட்கப்படுகிறது. முதல் ஆணை கிடைக்காதவரிடம் அந்தச் சான்று எப்படி இருக்கும்? சிறிய கொள்முதல்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு பெற்றவர்களுக்குள் விலைப்புள்ளி கேட்பதோடு முடிகின்றன. அந்தப் பதிவுக்கான வழிகாட்டுதலும், சோதனை ஆணையும், வரப்போகும் தேவை குறித்த முன்தகவலும் அறிமுகத்தின் வழியே நகர்கின்றன. அறிமுகம் உறவின் வழியே வருகிறது. நம் நாட்டில் உறவு சாதியின் எல்லைக்குள் நிற்கிறது. ‘நம்பகமான வழங்குநர்’ என்ற சொல்லில் சாதியின் பெயர் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை யாருக்கு எளிதில் கிடைக்கிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

அடுத்த தடை பணம். சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் வங்கி வீதத்தின் மும்மடங்குக் கூட்டுவட்டி. முறையீட்டுக்கு 18ஆம் பிரிவின் கீழ் வசதியாக்க மன்றம் உண்டு. ஆனால் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறைக்காரர், வழக்குத் தொடுத்த மறுநாளே அடுத்த ஆணையை இழக்கக்கூடும். சொந்தச் சொத்தோ கடன் கொடுக்கும் உறவினரோ உள்ளவர் ஆறு மாதம் காத்திருப்பார். முதல் தலைமுறைத் தலித் தொழில்முனைவோர் இரண்டாம் மாதமே இயந்திரத்தை விற்க நேரும்.

தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் இயந்திரம் வாங்க மானியமும், அதை ஓட்டுவதற்கு ஆணையும் தனித்தனித் தேவைகள். கர்நாடகம் 2017இல் தன் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான பணி ஒப்பந்தங்களில் 24.1 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கியது. அங்கே வழங்கப்பட்டது ஆணை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நிரப்பப்படாத 4 விழுக்காடு அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும்; தப்பிக்கும் வழியாக உள்ள அந்த விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு ஆலையும் தன் கணக்கைத் தனியே வெளியிட வேண்டும். தேசிய மொத்தத்துக்குள் ஆவடியின் கணக்கு மறைந்துவிடக் கூடாது. மூன்றாவதாக, இக்கடமை எதுவுமற்ற தனியார் பெருநிறுவனங்களைக் கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1970களிலிருந்து பெருநிறுவனங்கள் சிறுபான்மையினரின் தொழில்களைத் தேடி வாங்கும் திட்டங்களை நடத்தி வந்துள்ளன. அதே நிறுவனங்களின் சென்னைக் கிளைகள் சாதி குறித்து ஏன் மௌனம் காக்கின்றன?

இப்பகுதிக் கல்லூரி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அருகிலுள்ள ஒவ்வொரு பொதுத்துறை ஆலையிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டுகளில் 4 விழுக்காட்டில் எவ்வளவு நிறைவேறியது? பதிவு பெற்ற வழங்குநர்களில் பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் எத்தனை? அவர்களுக்கு எத்தனை நாளில் பணம் தரப்பட்டது? கட்டணம் பத்து ரூபாய். விடைகள் கைக்கு வந்தால், ‘தகுதியானவர் வரவில்லை’ என்ற கூற்றை எண்களைக் கொண்டே எதிர்கொள்ளலாம்.