தீர்வை ரசீது இல்லாதவர்களின் பேரூராட்சி

மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாஞ்சோலையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்: "ஏ தம்பி, நூறு நாள் வேலைய பத்தி விசாரிச்சா, நீங்கல்லாம் டவுனு, உங்களுக்குக் கிடையாதுங்காங்க. நாங்க எப்பம்ப்பா டவுன் ஆனோம்?"

உள்ளாட்சி நிதியைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் அரசாணை இருந்தது, பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற எஸ்டேட் குடியிருப்புகள் மணிமுத்தாறு பேரூராட்சிக்குள் வருகின்றன. பேரூராட்சி என்றால் சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சி. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 8,000க்கும் அதிகமான ஏக்கர் காட்டில், அடர்மழையில், அட்டைக்கடியில் தேயிலை நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித்துகள். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் பேருந்துகள்தான் மலையேறின. அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். ஆனால் அரசின் ஏட்டில் அவர்கள் நகரவாசிகள்.

இந்த நகரம், கிராமம் என்ற பட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2004இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றை 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆக்கினார்கள். கிராமங்களுக்கான ஒன்றிய அரசு நிதி கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2006இல் ஆட்சி மாறியது. மீண்டும் பேரூராட்சி ஆக்கினார்கள். நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியதும் அதே 2006தான். இரண்டே ஆண்டுகளில் ஊர் கிராமமாகி, மறுபடியும் நகரமாகிவிட்டது. மலையில் லயன் வீடு மாறவில்லை, கூலி மாறவில்லை. ஏட்டில் ஒரு சொல் மாறியது. அந்தச் சொல்லோடு ஒரு வேலை உரிமையும் போனது.

சரி, நகரம் என்று சொல்லிவிட்டார்கள். நகரவாசிக்கு உரியதாவது கிடைத்ததா?

ஒரு பேரூராட்சிக்குப் பணம் மூன்று வழியில் வருகிறது. ஒன்று, சொந்த வருவாய்: சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, உரிமக் கட்டணம். இரண்டு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து பிரித்துத் தரும் பங்கு. மூன்று, ஒன்றிய நிதி ஆணைய மானியம். இந்த மானியம் கைநிறைய வருகிற பணம் அல்ல. 15ஆவது நிதி ஆணையம் சிறு நகரங்களுக்குக் கொடுத்ததில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிப்போடப்பட்டது. மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு வீட்டு வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியபோது காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

இதில் சொத்து வரி என்பதை, எங்கள் பக்கம் சொல்கிற மாதிரி வீட்டுத் தீர்வை என்பதை, கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பார்வைக்கு அது ஒரு வரி. உள்ளூரில் அது ஒரு அடையாளச் சான்று. மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, வங்கிக் கடன் எதற்குப் போனாலும் தீர்வை ரசீதைக் கேட்கிறார்கள். பேரூராட்சியின் கேட்புப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர் "நான் வரி கட்டுகிறேன், என் தெருவுக்குச் சாக்கடை எங்கே?" என்று அதட்டலாம். லயன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். அதில் மூன்று நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்தாலும், குடியிருந்தவர் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறாது. ஓட்டு உண்டு, உழைப்பு உண்டு, ரசீது இல்லை.

நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், நிலத்தையும் கட்டடத்தையும் அளவுகோலாகக் கொண்ட உள்ளாட்சி வருவாயும் சாதியின் வரைபடமாகத்தான் இருக்கும். 'வரி கட்டுகிறவர்', 'சலுகை வாங்குகிறவர்' என்று இரண்டு வகைக் குடிமக்களை அது உண்டாக்குகிறது. தாமிரபரணிக் கரையின் எந்தச் சிற்றூருக்கும் போய்ப் பாருங்கள். தேர் ஓடும் வீதியும் கடைவீதியும் எங்கே இருக்கின்றன, சேரி எங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் முதலில் சிமெண்ட் ரோடு விழுந்தது என்று பாருங்கள். வரவு செலவுத் திட்டத்தைப் படிக்காமலேயே புரிந்துவிடும்.

"அப்படியானால் கிராம ஊராட்சியாக இருந்திருந்தால் விடிந்திருக்குமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் நிறைந்த குகை என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே எச்சரித்தார். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதே நெல்லை மாவட்டத்தில் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011இல் சரமாரியாக வெட்டப்பட்டு உயிர்பிழைத்தார். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தது அவர் செய்த 'குற்றங்களில்' ஒன்று. ஊராட்சியில் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தனித் தொகுதியில் தலித் தலைவர் வந்தால், ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் பேனாவை மூடிவைத்தே ஊராட்சியை முடக்கலாம். கிராமத்தை நான் கொண்டாடவில்லை.

ஆனால் கிராம ஊராட்சியில் கிராம சபை என்ற ஓர் இடமாவது சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சில நாள் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகுதி சபை விதிகள் 2022இல்தான் வந்தன. பேரூராட்சியில் நிர்வாக அதிகாரம் செயல் அலுவலரிடம் இருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் உறுப்பினரும் இல்லை, தலைவரும் இல்லை, தனி அலுவலர்கள் மட்டும். இட ஒதுக்கீட்டு வார்டும் அத்தனை வருடம் காகிதத்தில் தூங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிமுத்தாறு ஏழை ஊர் இல்லை. 118 அடி அணை இருக்கிறது. அருவி இருக்கிறது. காவல்துறைச் சிறப்புப் படையின் 9ஆவது அணி இருக்கிறது. ஆனால் அணை நீர்வளத்துறைக்கு, காடு வனத்துறைக்கு. அருவிக்குப் போகிற வண்டிக்குச் சோதனைச் சாவடியில் வாங்கும் கட்டணம் வனத்துறையின் கணக்கு. ஊரில் செல்வம் இருக்கிறது, அது ஊராட்சியின் கையில் இல்லை. வந்து போகிறவர்கள் விட்டுச் செல்லும் குப்பை மட்டும் ஊரின் கையில் விழுகிறது. அதை அள்ளுகிறவர்கள் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையும் நிரந்தரப் பணியிலிருந்து ஒப்பந்தத்துக்கும் சுய உதவிக் குழுவுக்கும் நழுவிக்கொண்டிருக்கிறது.

1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்காகவும் நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். 17 பேர் செத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் மலர் தூவுகிறோம். கால் நூற்றாண்டு கழித்து, 2024 ஜூனில், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் எஸ்டேட்டை மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வேலையிழந்தன. அரசின் டான்டீ நிறுவனமே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

புலிகள் காப்பகத்துக்குள் தேயிலை வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இறங்கி வந்தவர்கள் எந்த உள்ளாட்சியின் கணக்கில் ஏறுகிறார்கள் என்று யாரும் பேசவில்லை. நிதிப் பங்கீட்டுக்கு இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். அதாவது, ஆட்கள் மலையை விட்டு இறங்கிய பிறகும் அவர்கள் தலைக்கணக்கு மலையிலேயே நிற்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027இல். குத்தகை முடிவது 2028இல். கணக்கெடுப்பாளர் வரும்போது லயன்கள் காலியாக இருந்தால் மணிமுத்தாற்றின் நிதிப் பங்கும் சுருங்கும். பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்தை வைத்துத்தான் தனி வார்டு என்பதால், பேரூராட்சி மன்றத்தில் அவர்களின் நாற்காலியும் குறையலாம்.

ஆகவே மறுவாழ்வு என்றால் தொகுப்பு வீட்டுச் சாவி மட்டுமல்ல. பெண்கள் பெயரில் பட்டா வேண்டும். அந்தப் பெயர் கேட்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர்கள் குடியேறும் உள்ளாட்சிக்கு அவர்கள் தலைக்குரிய நிதி 2027 வரை காத்திருக்காமல் போய்ச் சேர வேண்டும். அருவிக் கட்டணத்தில் பேரூராட்சிக்குப் பங்கு வேண்டும். நகர்ப்புற வேலைவாய்ப்பை 2022இல் 100 கோடியில் சோதனைத் திட்டமாகத் தொடங்கினார்கள். அதைச் சட்டமாக்கி எல்லாப் பேரூராட்சிக்கும் கொண்டுவர வேண்டும்.

நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் உங்கள் ஊர்ப் பேரூராட்சிக்குப் போய் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். சேரிக்கு எவ்வளவு, எந்தத் தலைப்பில், யார் கையெழுத்தில் என்று கேளுங்கள். ஜூலை 23க்கு ஆற்றங்கரைக்கு வரும்போது அந்தக் கணக்கையும் கையில் கொண்டு வாருங்கள்.

அந்த அம்மாவிடம் அன்று, "2006இல் ஆனீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றார்.