சைக்கிளுக்கு ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் தேவையா? வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை!

"சைக்கிளுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்?" கோவளத்தில் டீ குடிக்க நின்றபோது கடைக்கார அண்ணன் கேட்ட கேள்வி இது. ஹேண்டில்பாரில் இருந்த கருவியைக் காட்டி, "எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம்னு காட்டும்ணே" என்றேன். "அதான் போன்லயே காட்டுதே" என்றார்.

நியாயமான கேள்விதான். நானும் ஒரு வருடம் போனைத்தான் மாட்டி ஓட்டினேன். ஆனால் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் சுமார் 90 கி.மீ. காலை 8 மணி வெயிலிலேயே போன் சூடாகி, திரை மங்கிவிடும். வியர்வை சொட்டினால் டச் ஸ்கிரீன் தானாக எதையோ திறக்கும். எல்லாவற்றையும்விட மோசம் பேட்டரி. ஒருமுறை திரும்பும் வழியில் பஞ்சர். வீட்டுக்குப் பேச போனை எடுத்தால் அது அணைந்து கிடந்தது. அவசரத்துக்குப் பேச வேண்டிய பொருளை மேப் காட்டவே தீர்த்துவிட்டேன். தனிக் கருவி தேவை என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, எதை வாங்குவது? சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. கார்மின், வாஹூ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்கள் உண்டு. பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் போன்றவை குறைந்த விலையிலும் மாடல்கள் வைத்திருக்கின்றன. விலை ஏற ஏற என்ன கூடுகிறது? பெரும்பாலும் கலர் மேப், வழி தவறினால் புது வழி சொல்லும் வசதி, ஏற்றம் இன்னும் எவ்வளவு மீதம் என்று காட்டும் வசதி. 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிக்கு அடிக்கடி போகிறீர்களா? இவை கண்டிப்பாக உதவும். ஈசிஆரில் எந்த ஏற்றத்தைக் காட்டப் போகிறது? கடலை ஒட்டிய நேர் ரோடு. அதற்கு மேப்புக்காக முப்பதாயிரம் கூடுதலாகச் செலவழிப்பது வீண் என்பேன்.

பேட்டரியில் மட்டும் சமரசம் வேண்டாம். பிரெவே எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் (பந்தயம் இல்லை, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும்) 200 கி.மீ.க்கு 13½ மணி நேரமும், 300 கி.மீ.க்கு 20 மணி நேரமும் தருகிறார்கள். உங்கள் ஆசை எவ்வளவு தூரமோ, அதற்குத் தாங்குமா என்று பாருங்கள். ஓடும்போதே பவர் பேங்க்கில் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். டச்சைவிட பட்டன் நல்லது. மழையிலும் வியர்வையிலும் அதுதான் பேச்சைக் கேட்கும். இதயத்துடிப்பு சென்சார், வேக சென்சார் எல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஆன்ட் பிளஸ், புளூடூத் இரண்டும் இருந்தால் போதும். கேபிள் வழியாக ரைடு ஃபைலை எடுக்க முடிவதும் நல்லது. 2020 ஜூலையில் சைபர் தாக்குதலால் கார்மினின் ஆன்லைன் சேவையே சில நாட்கள் முடங்கியது.

வாங்கிய பிறகுதான் உண்மையான பிரச்சினை ஆரம்பம். அதன் பெயர் சராசரி வேகம்.

பல கருவிகளில் 'ஆட்டோ பாஸ்' என்று ஒன்று உண்டு. நீங்கள் சிக்னலில் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். 100 கி.மீ.யை நான்கு மணி நேரம் மிதித்து, நடுவில் ஒரு மணி நேரம் டிபன் சாப்பிட்டிருந்தால், கருவி 25 கி.மீ. வேகம் என்று பெருமையாகக் காட்டும். உண்மையில் வந்து சேர்ந்த வேகம் 20. பிரெவேயில் டிபன் நேரமும் கணக்கில் சேரும். இதை நம்பி, நேரம் நிறைய இருக்கு என்று உட்கார்ந்தால் கஷ்டம்தான்.

அதைவிட ஆபத்து ஒன்று. ஒரு ஞாயிறு காலை எனக்குச் சராசரி 24.9 காட்டியது. 25 ஆக்கிட்டா போதும்னு திரையைப் பார்த்தபடியே மிதித்தேன். நிமிர்ந்தால் முன்னே நிறுத்தத்தில் நின்ற பேருந்து. ஒரு கை தூரத்தில் பிரேக் பிடித்தது. தப்பு முழுக்க என்னுடையது. 30 கி.மீ. வேகத்தில் போகும்போது இரண்டு வினாடி குனிந்தால், 16 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். ஷேர் ஆட்டோவும் மாடும் குறுக்கே வரும் ரோட்டில் அது பெரிய தூரம்.

அன்றைக்கே சராசரி வேகத்தை முதல் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டேன். இப்போது தூரம், மணி, கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு, மூன்றுதான் இருக்கின்றன. மற்றதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். பட்ஜெட் இடித்தால், முதலில் ஹெல்மெட்டும் நல்ல பின்பக்க லைட்டும். கருவி அப்புறம்.

இன்னொன்று, குறிப்பாகத் தனியாக ஓட்டும் பெண்களுக்கு. ரைடு முடிந்ததும் கருவி தானாகவே ஸ்ட்ராவாவில் பதிவேற்றிவிடும். என் பதிவுகளை ஒருநாள் வேறொருவர் கணக்கிலிருந்து பார்த்தேன். எந்தத் தெருவில் இருந்து, எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன், எந்த வழியில் திரும்புகிறேன், எல்லாம் வரைபடத்தோடு இருந்தது. யாரும் திருடவில்லை, நானே கொடுத்தது! 2018இல் ஸ்ட்ராவாவின் ஹீட்மேப் வழியாக ராணுவத் தளங்களின் இருப்பிடமே வெளியில் தெரிந்தது. நம் தெரு எம்மாத்திரம்? செட்டிங்ஸ், அதில் பிரைவசி கன்ட்ரோல்ஸ், அதில் மேப் விசிபிலிட்டி. கருவியை மாட்டும் முன்பே அங்கே போய், ரைடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைத்துவிடுங்கள். பழைய ரைடுகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.