பழைய வீட்டில் புது ஒயர்

அடுத்த வீட்டு அம்மாள் போன வாரம் தம் மடிக்கணினியைக் கைக்குழந்தை போல் இடுக்கிக் கொண்டு வந்தார். "முந்தா நாள் வரையில் பாட்டரி சாயங்காலம் மட்டும் தாங்கிற்று. பையன் எதையோ ‘அப்டேட்’ செய்தான். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே உயிரை விடுகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

மெஷினைக் குறை சொல்லுமுன், 2011-ல் லினக்ஸ்காரர்களுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

லினக்ஸின் உயிர்நாடியான ‘கெர்னல்’ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பாக வருகிறது. எல்லோரும் உடனே புது வீட்டுக்குக் குடிபோவார்களா? பழைய பதிப்பிலேயே நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். புதியதில் செய்த ரிப்பேர்களில் அவசியமானதை மட்டும் எடுத்துப் பழையதிலும் பொருத்திக் கொடுப்பதற்கு ‘பாக்போர்ட்’ என்று பெயர். இதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. ரிப்பேர் சிறியதாக இருக்க வேண்டும். முதலில் புதுப் பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். ஜனங்களை உண்மையாகவே தொந்தரவு செய்யும் பிழையைத் தீர்க்க வேண்டும். "இருந்தால் நன்றாயிருக்குமே" என்கிற சமாசாரத்துக்கு அங்கே இடமில்லை.

மின்சாரச் சிக்கனம் எந்த ரகம்? பிழை தீர்ப்பதா, வெறும் சௌகரியமா? அங்கேதான் வம்பு.

கணினிக்குள் வயர்லெஸ் அட்டை முதலிய உறுப்புகளை இணைக்கும் பாதைகள் இருக்கின்றன. வேலையில்லாதபோது அந்தப் பாதைகள் சற்றுக் கண்ணயர்ந்தால் மின்சாரம் மிச்சம். இந்த ஏற்பாட்டுக்கு ஏ.எஸ்.பி.எம். என்று பெயர். சில உறுப்புகள் தூங்கினால் சரியாக விழிப்பதில்லை, மெஷினே ஸ்தம்பித்துவிடும். ஆகவே சில கணினிகளின் பயாஸ், "இங்கே இந்த ஏற்பாடு கிடையாது" என்று போர்டு மாட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், போர்டு மாட்டிய அதே பயாஸ் தானே சில பாதைகளைத் தூங்கவும் வைத்திருக்கும்!

2011 மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பு, போர்டைப் பார்த்ததும் தூங்குகிறவர்களையெல்லாம் தட்டி எழுப்பிவிட்டது. "ரெகுலேட்டரைத் தொடாதே" என்று வீட்டுக்காரர் எழுதி வைத்தால், குடித்தனக்காரர் எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் திருப்பி வைத்தது போல! பாட்டரி சீக்கிரம் தீருகிறதென்று உலகமெங்கும் புகார் கிளம்பிற்று.

மாத்யூ காரெட் என்ற எஞ்சினீயர் காரணத்தை யோசித்தார். எழுப்பிவிடும் மாறுதலைச் செய்தவரும் அவரேதான். (தாம் முடிந்த முடிச்சைத் தாமே அவிழ்க்க எத்தனை பேர் முன்வருகிறார்கள்?) அதிகாரம் கைக்கு வராத இடத்தில் விண்டோஸ் எதையும் தொடுவதில்லை என்று ஒரு மைக்ரோஸாப்ட் விளக்கவுரையிலிருந்து அவருக்குத் தோன்றிற்று. லினக்ஸும் அப்படியே விட்டுவிடட்டும் என்று மாற்றி எழுதினார். திங்க்பாட் எக்ஸ் 220 மெஷின் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 5 வாட் மிச்சமாயிற்று. 60 வாட்-மணி பாட்டரியில் 15 வாட் செலவானால் நான்கு மணி நேரம். 10 வாட் என்றால் ஆறு மணி. கணக்கு நீங்களே போட்டுக் கொள்ளலாம்.

இந்த ரிப்பேர் 3.3 பதிப்புக்குப் போயிற்று. 3.2-லும் 3.0-லும் இருப்பவர்கள் கதி? இதுதான் சரி என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம் என்று காரெட்டே எழுதி வைத்திருந்தார். ஒளிவு மறைவில்லாத மனிதர். அவர் கணிப்புத் தவறினால், நன்றாக ஓடும் மெஷின்கள் நின்று போகலாம். பாட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட்டுக் கொள்ளலாம்; வேலை நடுவே மெஷின் உறைந்தால் எழுதியது போயிற்று.

ஆனால் இது புதுச் சௌகரியமல்ல, முன்பு இருந்து பறிபோனது என்பதை மறக்கக் கூடாது. நிலைப் பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2012 பிப்ரவரியில் 3.2.5, 3.0.20 என்று இரண்டு வெளியிட்டார். இரண்டிலும் இந்த ஒரே ரிப்பேர், வேறொன்றுமில்லை. அந்த ‘ஒன்றுமில்லை’தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏதாவது கோளாறு வந்தால் குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லையே!

"அது சரி, அந்த ஐந்து வாட் எங்கே போயிற்று?" என்றார் அம்மாள்.

"சூடாகப் போயிற்று."

"மடியில் வைத்தால் இப்போது சுடுகிறதே, அதுவும் இதுதானா?"

இருக்கலாம் என்றேன். அப்டேட்டுக்கு முன்னே எந்தப் பதிப்பு, பின்னே எந்தப் பதிப்பு, பாட்டரி எத்தனை மணி நேரம் வந்தது என்று மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வரும்படி பையனிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். இன்னும் வந்த பாடில்லை.