ஹோல் சுவரில் எதை மாட்டுவது?



எங்கள் அலவத்துகொட, அக்குறணைப் பக்கம் யாராவது புது வீடு குடிபோனால் வரும் அன்பளிப்பில் பாதி சுவரில் மாட்டும் சாமான்தான். ஆயத்துல் குர்ஸி பிரேம், கஃபா படம், தங்க நிறத்தில் வெட்டிய அரபு எழுத்து. எல்லாம் ஹோலுக்கே போகும், ஒரே சுவரில் நாலைந்து. எந்த அறைக்கு எது பொருந்தும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

ஆயத்து மாட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஒன்று போதும் என்கிறேன். அதுவும் வீட்டுப் பிள்ளை பார்த்து ஓதி, கருத்தும் சொல்லக்கூடிய தெளிவான எழுத்தில் இருக்கட்டும். வாசிக்க முடியாத ஆயத்து வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

தொழும் இடத்துச் சுவர் வெறுமையாக இருப்பதே நல்லது. ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் தொங்கிய உருவத் திரை தொழுகையில் கண்ணில் படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் அதை அகற்றச் சொன்னது புகாரியில் வருகிறது. அந்த அறையில் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளைகள் படிக்கும் அறைக்கு இலங்கை வரைபடத்தை விட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஹோல் வேறு. அது வருகிறவர்களின் அறை. நம்மவர் மட்டுமா வருகிறார்கள்? சிங்கள அயலவர், கூடப் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள், பிள்ளைகளின் கூட்டாளிமார் எல்லோரும் வந்து உட்காரும் இடம். அந்தச் சுவருக்கு நான் சொல்வது தும்பரப் பாய்.

மெனிக்கின்னவுக்குப் பக்கத்தில் கலாசிரிகம என்ற கிராமத்தில் நெய்கிறார்கள். ஹண நாரை எடுத்துச் சாயம் தோய்த்துத் தறியில் கையால் நெய்வது. சிவப்புக்குப் பதங்கிக் கட்டை. நெய்பவர்கள் கின்னர சமூகத்தினர். சாதி அடுக்கில் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள். 2021இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. யானை, மான் நெய்த பாய்களும் உண்டு. நமக்கு அது வேண்டாம் என்றால் கோடும் கட்டமும் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். நம் பள்ளிவாசல் கோலங்களுக்கு அது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் நம்மவர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்தக் கிராமமும் அதே தும்பரப் பக்கம்தான். ஒரு பாய் மாட்டினால் அந்த இழப்பு ஈடாகாது. சிங்களவரைச் சந்தோஷப்படுத்த நம் அடையாளத்தை மறைக்கவும் நான் சொல்லவில்லை. ஆயத்து அதன் இடத்தில் இருக்கட்டும். ஆனால் நெய்பவரின் வாசலுக்கே போய் விலை பேசி வாங்குவதும் ஒரு போக்குவரத்துதானே. நம் ஹோலில் அதைக் காணும் அயலவருக்கும் நமக்கும் பேச ஒரு விசயம் கிடைக்கும். கண்டி மண் நமக்கும் சொந்தம் என்று மேடையில் சொல்கிறோம். நம் சுவரைப் பார்த்தால் அது தெரிகிறதா?

அச்சடித்த பிரேமை விடக் கைவேலைக்கு விலை கூடத்தான். நாலு பிரேமுக்குப் பதில் ஒரு பாய் என்று கணக்குப் பாருங்கள். மழைக்கு ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். நேர் வெயிலும் படக்கூடாது, சாயம் மங்கும். நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வந்தால் போதும்.

அடுத்த குடிபுகுதலுக்கு அன்பளிப்பு வாங்கப் போகிறவர்கள், ஆறாவது கஃபா படத்தை எடுக்குமுன் ஒருமுறை மெனிக்கின்ன பக்கம் போய் வாருங்கள்.