அட்சதை யார் முதுகில்?

கல்யாண மேடையில் காமிராக்காரர்கள் செலுத்தும் அதிகாரத்தைக் கண்டித்து எழுதப் போகிறேன். "உனக்கு என்ன தெரியும்?" என்று யாரும் என்னைக் கேட்க முடியாது. அந்த அதிகாரத்தை ஒருநாள் முழுக்க நானே செலுத்தியிருக்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபம். காலை 6 மணியிலிருந்து 7-30 வரை முகூர்த்தம். மணப்பெண் என் நண்பரின் மகள். வீடியோக்காரர் கேட்ட தொகையில் மலைத்துப் போன நண்பர், "நீதான் காமிரா வைத்துக்கொண்டு காக்காயையும் கன்றுக்குட்டியையும் படம் எடுக்கிறாயே! என் பெண் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தால் ஆகாதா?" என்றார். எனக்கும் சபலந்தான். கதை எழுதுகிறவனுக்கு டைரக்டராக வேண்டுமென்ற ஆசை உள்ளூர இல்லாமல் இராது.

அன்று எனக்கு இருந்த செல்வாக்கு சம்பந்திக்குக்கூட இல்லை. "கொஞ்சம் நகருங்கள்" என்றால் பெண்ணின் மாமாவே நகர்ந்தார். சாஸ்திரிகள் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி என் உத்தரவுக்குக் காத்திருந்தார்.

கெட்டிமேளம் கொட்டியது. தகப்பனார் மடியில் பெண். எதிரே மாப்பிள்ளை கையில் திருமாங்கல்யம். அவர்களுக்கும் சபைக்கும் நடுவில் என் முதுகு. அட்சதை பறந்து வந்தது. பாதி என் முதுகில் விழுந்தது. கல்யாணமாகி 20 வருஷமான எனக்கு இவ்வளவு ஆசீர்வாதம் எதற்கு?

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏண்டாப்பா, மாங்கல்யம் ஏறிடுத்தா?"

நண்பரின் தாயார். கணவரை இழந்தவள் என்பதால் மேடைப் பக்கம் வரமாட்டேனென்று பிடிவாதமாக இருந்தாள். விடியுமுன்பே வந்து முன்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தாள். பேத்தியின் கல்யாணத்தில் அந்த அம்மாளுக்கு உலகம் விட்டுவைத்திருந்த பாத்தியதை, அங்கிருந்து பார்ப்பது ஒன்றுதான். அதை நான் பறித்துக்கொண்டேன். இதைவிட வெட்கக்கேடு, அவள் கேள்விக்கு எனக்கும் விடை தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது தாலியை அல்ல. பாட்டரி தீரப் போகிறது என்று மினுக்கிய சிவப்புக் குறியை. "ஆயிடுத்து மாமி, அப்புறம் வீடியோவிலே பாருங்கோ" என்று சொல்லி வைத்தேன்.

கல்யாணத்துக்கு ஜனங்களை எதற்காக அழைக்கிறோம்? சாப்பாட்டுக்கு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சாட்சிக்கு என்கிறேன் நான். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, 1967ல், சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் அக்கினியைக் கேட்கவில்லை, புரோகிதரைக் கேட்கவில்லை. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில் இருக்க வேண்டும் என்று கேட்டது. வைதிகத்தை விலக்கியவர்களும் மனிதர்களை விலக்கவில்லை. அந்த வேலையை நான் ஒரு காமிராவை வைத்துக்கொண்டு செய்து முடித்தேன்.

இன்னொன்றும் செய்தேன். சப்தபதி நடக்கும் கல்யாணங்களில் ஏழாவது அடி எடுத்து வைத்ததும் விவாகம் பூர்த்தியாகிவிடுகிறது என்பது 1955ம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 7வது பிரிவு. நான் அந்த ஏழாவது அடியைத் தவறவிட்டேன். "இன்னொரு தரம் வைக்கச் சொல்லுங்கள்" என்றேன். வைத்தார்கள். கல்யாணம் முடிந்தபின் நடந்த அதற்குப் பெயர் நாடகம். என் படத்தில் நாடகம்தான் இருக்கிறது, கல்யாணம் இல்லை.

"பிற்காலத்தில் பார்க்க வேண்டாமா, ஐயா?" என்பீர்கள். எந்தப் பிற்காலம்? 1976ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வி.எச்.எஸ். காஸெட், பிறகு நம் கல்யாணங்களுக்கும் வந்து சேர்ந்தது. கண்ணைக் குருடாக்கும் விளக்கும் கூடவே வந்தது. அந்தக் காஸெட்டுகள் இன்று பீரோக்களில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கும் யந்திரத்தைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் கம்பெனியும் 2016ல் நிறுத்திவிட்டது.

அதற்கு முந்தியவர்கள் பாடு வேறு. 1965ல் கோடக் கம்பெனி கொண்டுவந்த சூப்பர் 8 படச்சுருள் 50 அடி; ஓடுவது சுமார் 3 நிமிஷம் 20 விநாடி. அதை வைத்துக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போனவன், எதை எடுப்பது என்று யோசித்தாக வேண்டும். யோசிக்கக் கண்ணைத் திறந்து பார்த்தாக வேண்டும். என் காமிராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 4 மணி நேரம் எடுத்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

நடிகை நயன்தாராவும் இயக்குநர் விக்னேஷ் சிவனும் 2022 ஜூன் 9ந் தேதி மாமல்லபுரத்தில் மணந்துகொண்டார்கள். 2024 நவம்பர் 18ந் தேதி நெட்ஃப்ளிக்ஸில் அது படத்தோடு படமாக வெளிவந்தது. படம் அவர்கள் தொழில். நான் குறை சொல்லவில்லை. ஆனால் குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்த மண்டபத்தில் நுழைந்தாலும், குமாஸ்தா வீட்டுப் பெண்ணும் "சிரியம்மா, இந்தப் பக்கம் பாரம்மா" என்ற உத்தரவுக்கு ஆடுகிறாளே, அவளுக்கு என்ன தலையெழுத்து?

படத்தை நண்பர் வீட்டு டெலிவிஷனில் போட்டோம். அந்த அம்மாள் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தாள். "எல்லாம் நன்னாத்தான் இருக்கு. நான் எங்கேடா இருந்தேன்?" என்றாள். 4 மணி நேரப் படத்தில் அவள் ஓரிடத்திலும் இல்லை.

சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காமிராவுடன் புறப்படும் தம்பிமார்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். மேடை ஏறாதீர்கள், தூண் ஓரமாக நில்லுங்கள். சடங்கை நிறுத்தாதீர்கள், தவறினால் தவறினதுதான். மேடையை எடுப்பதுபோலச் சபையையும் எடுங்கள், முக்கியமாக மேடைக்கு வராதவர்களை. கெட்டிமேளம் கொட்டும்போது காமிராவை அது பாட்டுக்கு முக்காலியில் ஓடவிட்டு, நீங்களும் ஒரு பிடி அட்சதை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கிழவி "ஏறிடுத்தா?" என்று கேட்டால், கண்ணால் கண்டவராகப் பதில் சொல்லலாம்.